தாடி ஓணானுக்கு இருப்பிடம் அமைத்தல்: மேற்கு சிட்னி வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மேற்கு சிட்னியில் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பம். அப்பா, அம்மா, 12 வயது மகள். பிப்ரவரியில் மகளின் பிறந்தநாளுக்கு ஒரு தாடி ஓணான் குஞ்சு வாங்கிக் கொடுத்தார்கள். அப்போது அதற்குச் சுமார் 10 வார வயது. நியூ சவுத் வேல்ஸில் இதை வளர்க்க உரிமம் வேண்டும். அதை முறையாக எடுத்திருந்தார்கள். கடையில் "எல்லாம் இதிலேயே இருக்கிறது" என்று சொல்லிக் கொடுத்த தொட்டியையும் சாமான்களையும் அப்படியே வாங்கி வந்து வைத்துவிட்டார்கள். அக்கறை இல்லாத குடும்பம் அல்ல. நடந்ததைப் படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தாடி ஓணானின் அறிவியல் பெயர் போகோனா விட்டிசெப்ஸ். நம் ஊர் வேலியில் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஓணானும் இதுவும் அகாமிடே என்ற ஒரே குடும்பம். இதுவும் தலையாட்டும், இதுவும் வேலிக்கம்பத்தில் ஏறி வெயில் காயும். தொண்டைக்குக் கீழே முள் போன்ற செதில்கள் இருக்கும். மிரண்டால் அந்த இடம் உப்பிக் கறுத்துவிடும், அதுதான் தாடி. இதன் சொந்த நிலம் ஆஸ்திரேலியாவின் உட்பகுதி. பாலை என்றதும் பலர் மணல்மேட்டை நினைக்கிறார்கள். உண்மையில் இது வாழும் இடத்தில் இறுகிய செம்மண், புதர், விழுந்து கிடக்கும் மரம் எல்லாம் உண்டு. பகலில் சுள்ளென்று வெயில், பத்தடி தள்ளினால் நிழல், இரவில் குளிர். வெயிலுக்கும் நிழலுக்கும் மாறி மாறிப் போய்த்தான் இது தன் உடல்சூட்டைச் சரிசெய்துகொள்கிறது. அந்த மாற்றத்தை ஒரு பெட்டிக்குள் கொண்டுவருவதுதான் இருப்பிடம் அமைக்கும் வேலை.

நான் சில ஆண்டுகளாக இந்த இனத்தை வளர்த்து வருகிறேன். மருத்துவன் அல்ல.

முதலில் கண்டது

ஜூன் நடுவில், ஆஸ்திரேலியாவில் அது குளிர்காலம், ஒரு சனிக்கிழமை அந்த அம்மா கூப்பிட்டார். பத்து நாளாக ஓணான் சரியாகச் சாப்பிடவில்லை, பகலிலும் கண்ணை மூடியே கிடக்கிறது என்றார். போனதும் மகள்தான் விளக்கினாள்: "அங்கிள், அது குளிர்காலத் தூக்கம். எல்லா தாடி ஓணானும் தூங்குமாம். நான் படிச்சேன்."

அவள் படித்தது பொய்யில்லை. வளர்ந்த தாடி ஓணான்கள் குளிர்காலத்தில் உணவைக் குறைத்துக்கொண்டு வாரக்கணக்கில் மந்தமாகக் கிடப்பது உண்டு. ஆனால் ஆறு மாதக் குஞ்சுக்கு அது வளரும் காலம். இந்த வயதில் தூங்கி வழிந்தால் முதலில் நோயைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

கையில் எடுத்துப் பார்த்தேன். மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை 28 செ.மீ., எடை 71 கிராம். என்னிடம் வளர்ந்தவை இந்த வயதில் இதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் எடை இருந்தன. தோல் கறுத்திருந்தது. குளிரில் இருக்கும் தாடி ஓணான் வெயிலை அதிகம் இழுக்கத் தன் நிறத்தைக் கறுப்பாக்கிக்கொள்ளும். கீழ்த்தாடை லேசாக வீங்கி, விரலால் தொட்டால் ரப்பர் போல் அமுங்கியது. நடக்கும்போது உடலைத் தூக்காமல் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு போனது. வலது முன்கால் கொஞ்சம் வளைந்திருந்தது.

தொட்டியை அளந்தது

தொட்டி 60 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரம். மேலே கம்பி வலை மூடி. ஒரு முனையில் 50 வாட் சிவப்புச் சூட்டு விளக்கு, அதன் பக்கத்தில் சுருள் வடிவப் புறஊதா விளக்கு. கீழே மணல், மணலுக்கு அடியில் இரவும் பகலும் எரியும் சூட்டு விரிப்பு. கண்ணாடியில் ஒட்டிய வட்ட வெப்பமானி 36 டிகிரி செல்சியஸ் காட்டியது. அதைப் பார்த்துத்தான் வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள்.

கையில் கொண்டுபோன அகச்சிவப்பு வெப்பமானியை வெயில் காயும் கல்லின் மேல் காட்டினேன். 29 டிகிரி. அந்த இடத்தில் குறைந்தது 40 இருக்க வேண்டும். ஒட்டியிருந்த மானி விளக்கை ஒட்டிய மேல் கண்ணாடியில் இருந்ததால் அந்தக் கண்ணாடியின் சூட்டைக் காட்டிக்கொண்டிருந்தது. எதிர் முனையில் 19. ஆனால் விரிப்புக்கு மேலே, மணலை இரண்டு விரல் அளவு தள்ளிப் பார்த்தால் 43. அதாவது முதுகுக்குச் சூடு இல்லை, வயிற்றுக்கு மட்டும் சுடுகிறது. மேலிருந்து வரும் வெயிலைத் தேடிப் பழகிய பிராணிக்கு இது தலைகீழான நிலம்.

புறஊதாக் கதிரை நாங்கள் கண்ணால் மதிப்பிடுவதில்லை. எங்கள் வளர்ப்பாளர் வட்டத்தில் பொதுவாக வைத்திருக்கும் சோலார்மீட்டர் 6.5 என்ற மானியை இரவல் வாங்கிக் கல்லின் மேல் பிடித்தேன். புறஊதாக் குறியீடு, அதாவது அந்தக் கதிரின் வலிமையைக் காட்டும் எண், பூஜ்யம். விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. காரணம் மூடியின் மேல் இருந்தது: மே மாதம் குளிர் தொடங்கியதும், சூடு வெளியே போகாமல் இருக்கட்டும் என்று அப்பா ஒரு தெளிவான அக்ரிலிக் தகட்டை வெட்டி வலை மேல் வைத்து, அதன் மேல் விளக்குகளை வைத்திருந்தார். பார்க்கத் தெளிவாக இருந்தாலும் நமக்கு வேண்டிய கதிரை அந்தத் தகடு விடவில்லை. அதை எடுத்துவிட்டு அளந்தேன். 0.4 மட்டுமே வந்தது. சுருள் விளக்கு வலையைத் தாண்டி 30 செ.மீ. கீழே அவ்வளவுதான் தந்தது. தாடி ஓணானுக்கு வெயில் காயும் இடத்தில் 3 முதல் 5 வரை வைக்கப் பார்ப்போம்.

"தினமும் ஜன்னல் ஓரம் வைத்து வெயில் காட்டுகிறோமே" என்று அம்மா கேட்டார். ஜன்னல் கண்ணாடியும் அந்தக் கதிரைத் தடுத்துவிடும். அவர் முகம் வாடியது. நான்கு மாதமாக, பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்திலும் விடாமல் செய்த வேலை அது.

ஏன் இது இவ்வளவு முக்கியம் என்று அவர்களுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். புறஊதா பி கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி3 உருவாகத் தொடங்கும். அந்த மாற்றம் முழுமையாக உடலில் சூடும் வேண்டும். டி3 இல்லாவிட்டால் குடலில் இருக்கும் கால்சியம் ரத்தத்துக்குப் போகாது. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இதயமும் தசையும் வேலை செய்யாது என்பதால், பாராதைராய்டு சுரப்பி எலும்பைக் கரைத்துக் கால்சியத்தை எடுக்கச் சொல்லும். தாடை ரப்பர் ஆவது இதனால்தான்.

உணவிலும் குறை இருந்தது. பசலைக் கீரை, ஐஸ்பெர்க் லெட்டூஸ், மாவுப்புழு. பசலையில் உள்ள ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிப்போடும். லெட்டூஸில் தண்ணீரைத் தவிர அதிகமாக ஒன்றும் இல்லை. கால்சியம் பொடி வாரம் ஒருமுறைதான் தூவியிருக்கிறார்கள். வளரும் குஞ்சுக்கு அது போதாது.

முதல் முடிவு, அதில் என் தவறு

அன்றே தகட்டை எடுத்தோம். விரிப்பை அணைத்தோம். சிவப்பு விளக்குக்குப் பதிலாக என்னிடமிருந்த ஹாலோஜன் விளக்கை மாட்டிக் கல்லின் சூட்டை 40க்குக் கொண்டுவந்தோம். மருத்துவரிடம் போக வேண்டும் என்றும் சொன்னேன். ஆனால் "சூடு சரியானதும் எப்படி இருக்கிறது என்று இரண்டு நாள் பார்த்துவிட்டுப் போகலாம்" என்றேன். பெரும் செலவாகுமே என்ற அவர்கள் தயக்கத்துக்கு அது வசதியாகப் போயிற்று.

புதன்கிழமை மாலை பின்கால் விரல்கள் தானாகத் துடித்தன. ரத்தத்தில் கால்சியம் மிகவும் இறங்கிவிட்டதன் அடையாளம் அது. வியாழன் காலை மருத்துவமனைக்கு ஓடினோம். தாடை அமுங்குவதைச் சனிக்கிழமையே விரலால் உணர்ந்துவிட்டேன். அந்த நிமிடமே தொலைபேசியை எடுத்திருக்க வேண்டும். அந்த ஐந்து நாட்களுக்கு நான்தான் பொறுப்பு.

மருத்துவமனையில்

ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் எக்ஸ்ரே எடுத்தார். எலும்புகள் மங்கலாக, சுற்றியுள்ள தசையிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாதபடி தெரிந்தன. வலது முன்காலில் பழைய முறிவு ஒன்று கோணலாகக் கூடியிருந்தது. எப்போது முறிந்தது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. ரத்தத்தில் கால்சியம் குறைவு. மலத்தில் நுண்புழு முட்டைகள் கொஞ்சம் இருந்தன. இந்த இனத்தில் அது சாதாரணம் என்பதால், உடல் தேறும் வரை அதற்கு மருந்து வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

நீர்ச்சத்துக்குத் தோலடி ஊசியும் வாயில் விடக் கால்சியம் மருந்தும் கொடுத்தார். பீச்சாங்குழலில் ஊட்ட ஒரு கூழ் உணவும் தந்தார், ஆனால் "உடல் சூடான பிறகே ஊட்டுங்கள்" என்று அழுத்திச் சொன்னார். குளிர்ந்த உடலில் உணவு செரிக்காமல் கிடந்து அழுகும். அப்புறம் இன்னொன்றும் சொன்னார்: எலும்பு இறுகும் வரை ஏறி விழ வாய்ப்பே இருக்கக் கூடாது. புது இருப்பிடத்தை நாங்கள் திட்டமிட்ட விதம் இந்த ஒரு வாக்கியத்தால் மாறியது.

அந்த ஒரு மாத மருத்துவச் செலவு, தொட்டி, விளக்கு, பிராணி எல்லாவற்றுக்கும் கொடுத்த விலையைவிட அதிகம்.

புது இருப்பிடம்

120 செ.மீ. நீளம், 60 அகலம், 60 உயரத்தில், முன்பக்கம் நகரும் கண்ணாடிக் கதவு வைத்த மரப்பெட்டி ஒன்று பழைய சாமானாகக் கிடைத்தது. வளர்ந்த தாடி ஓணானுக்குக் குறைந்தபட்சம் இந்த அளவு வேண்டும். நீளம் இல்லாமல் வெப்பச் சரிவு கிடைக்காது. 60 செ.மீ. தொட்டியில் ஒரு முனையை 40 ஆக்கினால் மறுமுனையும் சூடாகிவிடும், ஒதுங்க இடம் இருக்காது. கண்ணாடியை விட்டு மரத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் சிட்னி வீடுகள். குளிர்கால இரவில் அவர்கள் அறையில் 14 டிகிரிதான் இருந்தது. மரம் சூட்டைப் பிடித்து வைக்கும்.

சூட்டு விளக்கில் முதலில் தடுக்கி விழுந்தோம். 100 வாட் ஹாலோஜன் மாட்டி, மாலையில் அளந்தபோது கல்லில் 41. சரி என்று விட்டோம். மறுநாள் மதியம் அறையில் ஹீட்டர் ஓடியபோது அம்மா அளந்து 52 என்று செய்தி அனுப்பினார். ஓணான் எதிர் முனைக்கு ஓடியிருந்தது. அதன் பிறகு 75 வாட் விளக்குக்கு மாறினோம், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட்டை இணைத்தோம், விளக்கைச் சுற்றிக் கம்பிக்கூடு போட்டோம். கல்லில் 41, நடுவில் 30, எதிர் முனையில் 24 என்று நிலைத்தது. இரவில் எந்த விளக்கும் இல்லை. 18க்குக் கீழே போனால் மட்டும் எரியும்படி, வெளிச்சம் தராத ஒரு பீங்கான் சூடேற்றி வைத்தோம்.

புறஊதாவுக்கு 12 சதவீதப் புறஊதா பி என்று குறித்த, டி5 என்ற மெல்லிய வகைக் குழல்விளக்கு, 39 வாட், பின்னால் பிரதிபலிப்பானுடன். குழலின் நீளம் பெட்டியின் நீளத்தில் முக்கால் பங்கைத் தாண்டாதபடி பார்த்துக்கொண்டோம். மிச்ச இடம் நிழல். சூட்டு விளக்கும் குழலும் ஒரே இடத்தில் விழ வேண்டும், ஏனென்றால் ஓணான் சூட்டைத்தான் உணர்ந்து வருகிறது. புறஊதாக் கதிர் சூட்டோடு சேர்ந்து கிடைத்தால்தான் பயன்.

வழக்கமாகச் சூட்டு விளக்குக்கு அடியில் ஒரு கிளையை உயர்த்தி வைத்து, ஓணானை விளக்குக்கு அருகே கொண்டுபோவோம். இங்கே ஏறவே கூடாது. 5 செ.மீ. உயரமுள்ள ஒரு தட்டைக் கல்தான் மேடு. அந்தத் தூரத்தில் குறியீடு 2.6 வந்தது, போதவில்லை. அதனால் குழலைச் சங்கிலியில் தொங்கவிட்டு, ஓணானின் முதுகிலிருந்து 35 செ.மீ. இருக்குமாறு இறக்கினோம். 4.0 வந்தது. மானியைக் கல்லின் மேல் பிடிக்காமல், ஓணானின் முதுகு இருக்கும் உயரத்தில் பிடித்து அளந்தோம். சில சென்டிமீட்டர்தான், ஆனாலும் எண் மாறுகிறது.

தரையில் அக்டோபர் வரை சமையலறைக் காகிதம் மட்டும். மகளுக்கு இது பிடிக்கவில்லை. "பாலைவனம் மாதிரியே இல்லையே" என்றாள். மணல் நஞ்சு இல்லை. சூடும் நீரும் சரியாக இருக்கும் திடமான ஓணான் கொஞ்சம் மண்ணை விழுங்கினாலும் வெளியேற்றிவிடும். தசையில் வலு இல்லாத, நோயிலிருந்து எழும் குஞ்சுக்கு அது குடலடைப்பில் கொண்டுபோய் விடலாம். காகிதத்தில் மலம் தெளிவாகத் தெரியும் என்பதும் அந்த வாரங்களில் எங்களுக்குப் பெரிய உதவி.

உணவை மாற்றியது பற்றிச் சுருக்கமாக: கரப்பான் வகையான ஊடி, கிரிக்கெட் பூச்சி, இரண்டுக்கும் முதல் நாளே காய்கறியும் கீரையும் கொடுத்து வயிறு நிரப்பி வைப்பது, கால்சியம் பொடி தடவுவது. கீரைக்கு எண்டைவ், பாக் சோய், டேன்டிலியன் இலை.

மதிய வெயிலும் சேர்ந்தது. ஜூலை நண்பகலில் சிட்னியின் புறஊதாக் குறியீடு 3 அளவில் இருக்கும். காற்று அடிக்காத நாளில், வலைக் கூண்டில், பாதி நிழலோடு 15 நிமிடம். கண்ணாடித் தொட்டியை வெயிலில் வைக்கவே கூடாது, சில நிமிடங்களில் அடுப்பாகிவிடும்.

பின் நடந்தவை

இரண்டாவது வாரம் ஓடிக்கொண்டிருந்த ஒரு ஊடியைத் தானாகவே நாக்கால் பிடித்துத் தின்றது. அன்றிரவு மகள் எனக்கு மூன்று தடவை போன் செய்தாள். மூன்றாவது வாரம் 84 கிராம். விரல் துடிப்பு அதற்கு முன்பே நின்றிருந்தது. எட்டாவது வாரம் மறு எக்ஸ்ரேயில் எலும்பு தெளிவாகத் தெரிந்தது, தாடை இறுகியது. மருத்துவர் ஏறவிடச் சொன்னார். கிளைகளை வைத்தோம். ஓணான் உயரே வந்துவிடும் என்பதால் குழலை மேலே ஏற்றி, கிளையின் உச்சியில் மீண்டும் அளந்து 4க்குச் சரிசெய்தோம். அக்டோபரில் காகிதத்தை எடுத்துவிட்டுச் செம்மணலும் களிமண்ணும் கலந்து ஈரமாக்கி, இறுக்கி, காயவைத்த தரை போட்டோம். இரண்டே நாளில் கட்டைக்கு அடியில் தனக்கென்று ஒரு வளை தோண்டிக்கொண்டது.

முன்கால் வளைவு அப்படியே இருக்கிறது. முதுகின் நடுவில் ஒரு சிறு மேடும் நிலைத்துவிட்டது. இவை இனி மாறாது.

ஜனவரியில் எதிர்ப்பக்கச் சிக்கல் வந்தது. மேற்கு சிட்னியின் கோடை சாதாரணமானதல்ல. 2020 ஜனவரி 4 அன்று பென்ரித்தில் 48.9 டிகிரி பதிவானது. இந்த வீட்டில் வெளியே 41 இருந்த ஒரு நாள், தெர்மோஸ்டாட் சூட்டு விளக்கை அணைத்த பிறகும் குளிர்முனையில் 37 வந்துவிட்டது. ஓணான் அங்கே வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. வெயில் காயும் கல்லில் வாயைத் திறப்பது இயல்பு, போதுமான சூடு கிடைத்துவிட்டது என்று பொருள். குளிர்முனையில் வாயைத் திறந்தால் அதற்குப் போக வேறு இடம் இல்லை என்று பொருள். மகள் இதைச் சரியாகப் புரிந்துகொண்டு எல்லா விளக்கையும் அணைத்து, வலைக் கூண்டோடு ஏசி அறைக்கு மாற்றியிருந்தாள். அதன்பின் 35க்கு மேல் போகும் நாட்களில் காலை இரண்டு மணி நேரம் மட்டும் குழல் எரியும் என்று வைத்துக்கொண்டார்கள். அந்த மாதக் கடைசியில் எடை 255 கிராம்.

இரண்டாவது குளிர்காலம்

மறு ஆண்டு மே மாதம் மறுபடியும் உணவு குறைந்தது, வளைக்குள் தூக்கம் தொடங்கியது. வீட்டில் எல்லோருக்கும் பயம். இந்த முறை ஊகிக்கத் தேவையிருக்கவில்லை. சூடும் குறியீடும் அளந்து எழுதிய நோட்டு இருந்தது, வாராந்திர எடை இருந்தது. மலப் பரிசோதனை செய்து, மருத்துவர் கையில் எடுத்துப் பார்த்து, இது உண்மையான குளிர்காலத் தூக்கம் என்றார். தூங்கப் போகும்போது 338 கிராம், ஆறு வாரம் கழித்து 332. தாடை கல் போல் இருந்தது. ஆகஸ்டில் தானாக எழுந்து கல்லில் வந்து உட்கார்ந்தது.

மாற்றிக்கொண்டவை

யாராவது கூப்பிட்டால் இப்போது முதலில் தாடையையும் நடையையும் காணொளியில் காட்டச் சொல்கிறேன். தாடை மென்மை, துடிப்பு, வயிறு தேய்த்து நடப்பது இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவர். பெட்டியை அதே நாளில் சரிசெய்யலாம், ஆனால் அதன் பலனைப் பார்ப்பதற்காக மருத்துவரைத் தள்ளிப்போட மாட்டேன்.

பிராணி வீட்டுக்கு வருவதற்கு ஒரு வாரம் முன்பே பெட்டியை ஓடவிட்டு, காலை, மதியம், இரவு மூன்று நேரமும் அளக்கச் சொல்கிறேன். மாலையில் மட்டும் அளந்து நான் ஏமாந்தது போதும். சமையலறைத் தராசும் அகச்சிவப்பு வெப்பமானியும் அலங்காரக் கல்லுக்கு முன்னால் வாங்க வேண்டியவை. புறஊதா மானி விலை அதிகம், அதை ஒவ்வொரு வீடும் வாங்க முடியாது. எங்கள் வட்டத்தில் இப்போது வீடு வீடாக மாற்றி அனுப்பிக்கொள்கிறோம்.

குழல்விளக்கை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது என்று முடிவு செய்திருந்தோம். இந்த ஜூலையில் மாற்றும் முன் பழைய குழலை அதே உயரத்தில் பிடித்து அளந்தோம். 4.0 இருந்தது 2.8 ஆகியிருந்தது. வெளிச்சத்தில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. மாற்றிய தேதியை மகள் ஒரு காகித டேப்பில் எழுதிப் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறாள். அதற்குக் கீழே அடுத்த ஜூலைக்கும் ஒரு வரி விட்டு வைத்திருக்கிறாள்.